செல்லாயி அம்மாளுக்கு நான் நடத்திய மௌன ஊர்வலம்

கவிதை எழுதுகிறவர்கள் கையில் வரைபடம் தயாரிக்கும் வேலையைக் கொடுக்கவே கூடாது. வரைபடத்துக்கு ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். எங்களுக்கு அந்தப் புள்ளி எதற்காக ஏங்குகிறது என்று தெரிய வேண்டும். (இந்த வாக்கியத்தைக்கூட நான் அடித்திருக்க வேண்டும். முடியவில்லை. வியாதி.)

சில வருடங்களுக்கு முன்னால் திருச்சியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அப்படி ஒரு வேலையில் இறங்கினோம். செல்போனில் திறந்தால் ஊர் தெரியும். ஊரின் மேல் சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளியைத் தொட்டால், அந்த இடத்தில் யார் எந்த உரிமைக்காக நின்றார்கள் என்று ஒரு பக்கம் விரியும். மலைக்கோட்டைக்கு வழி கேட்டால் இந்த ஊரில் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். வேலை கேட்டுத் தொழிலாளிகள் வெயிலில் உட்கார்ந்த ரயில்வே பணிமனை வாசல் எது, கணவன் செத்த பத்தாம் நாள் தன் தலையை மழிக்க வந்த நாவிதரை வாசலோடு திருப்பி அனுப்பிய ஸ்ரீரங்கத்துப் பெண்ணின் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரர்கூட உதட்டைப் பிதுக்குவார். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் போவதற்குள் ஓடிப் போய்க் கேட்டுவிட வேண்டும் என்று எங்களுக்கு ஒரு பதைப்பு.

மூவரில் முதலாமவர் சேவியர் சார். பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொழிற்சங்கக்காரர். ஆதாரம் இல்லாமல் தும்மக்கூட மாட்டார். இரண்டாவது கார்த்திகா. ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். மேப் அவள் பொறுப்பு. மூன்றாவது நான். புத்தூரில் குடித்தனம், காப்பீட்டு அலுவலகத்தில் உத்தியோகம், யாரும் வாங்காத கவிதைத் தொகுப்புகள் கட்டிலுக்கடியில். குழுவில் என் பொறுப்பு ‘உணர்வு’. (அப்படி ஒரு பொறுப்பை யாரும் எனக்குத் தரவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.)

அந்தப் பொறுப்பில்தான் உயிரோடு இருந்த ஒரு பெண்மணிக்கு நான் இறுதி ஊர்வலம் நடத்தினேன்.

ஜீயபுரம் போகும் பாதையில், நகரம் விழுங்கி இன்னும் செரிக்காத ஒரு பழைய ஊர். பெயர் இங்கே வேண்டாம். அதன் கடைத்தெரு நேராகக் காவிரிக்குப் போகிறது. ஆற்றங்கரையில் சுடுகாடு. ஆனால் தெருவுக்கு இந்தப் பக்கம் காலனியில் ஒருவர் இறந்தால், பாடை அந்தத் தெரு வழியாகப் போகக் கூடாது. வாழைத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு, வாய்க்காலில் இறங்கி, சேற்றில் ஏறிப் போக வேண்டும். தண்ணீர் கழுத்தளவு வந்தால் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூக்குகிறவன் வழுக்கினால் பிணமும் நனையும், உயிரும் நனையும்.

ஒரு ஐப்பசியில் வாய்க்கால் கரை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தபோது காத்தாயி என்கிற பெண் இறந்துபோனாள். நடவுக்கும் களைக்கும் போனவள். வயது முப்பதைத் தொட்டிருக்காது. அவளைத் தூக்கி வந்தவர்கள் வாய்க்கால் பக்கம் திரும்பவில்லை. கடைத்தெருவின் முனையில் பாடையை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தெரு வழிவிடவில்லை. மழையும் விடவில்லை. மறுநாள் அதிகாரிகளும் போலீசும் வந்த பிறகு காத்தாயி அந்தத் தெரு வழியாகவே ஆற்றுக்குப் போனாள். அவளுக்குப் பிறகு காலனியில் இறந்த எல்லோரும் அந்த வழியாகத்தான் போனார்கள், இன்றும் போகிறார்கள். முனையில் ஒரு கல்கூட இல்லை.

அந்த முனைக்குத்தான் நாங்கள் ஒரு புள்ளி வைக்க நினைத்தோம்.

காத்தாயியின் பேரன் முருகேசன், டவுன் பஸ் டிரைவர். அவர் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். அவருடைய அம்மா செல்லாயிதான் காத்தாயியின் மகள். பாடைக்குப் பக்கத்தில் அன்று உட்கார்ந்திருந்த சின்னப் பெண் அவர்தான். நான் போன நேரம் அவர் ஊரில் இல்லை. மண்ணச்சநல்லூரில் மகள் வீட்டில், பேத்திக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தார்.

“அம்மா ஒண்ணே ஒண்ணுதாங்க கேக்கும்,” என்றார் முருகேசன். “அந்தத் தெருவுல நின்னு எங்காத்தா பேரை ஒருத்தராவது சத்தமா சொல்லணும். அவ்வளவுதான். நீங்க செய்றீங்கன்னு போன்ல சொன்னேன். ரெண்டு நாளா பச்சப்புள்ளய விட்டுட்டு இதையேதான் பேசிக்கிட்டு இருக்காம்.”

சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார். நான் சுவரைப் பார்த்தேன்.

சுவரில் ஒரு பெரிய போட்டோ. தனியாக ஒரு பெண். நெற்றியில் பொட்டு, நேரான பார்வை. சட்டத்தைச் சுற்றிச் சந்தன மாலை. நம் வீடுகளில் தனி ஆளாகச் சுவரில் ஏறி, மாலையும் போட்டுக்கொண்டவர் எந்த நிலையில் இருப்பார் என்று யாராவது கேட்போமா? நானும் கேட்கவில்லை. காத்தாயி! உள்ளேயிருந்து முருகேசன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் வாங்கவில்லை. எனக்கு ஒரு வரி வந்துகொண்டிருந்தது. வரி வந்துகொண்டிருக்கும்போதே செல்போனை எடுத்து அந்த போட்டோவைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். அனுமதி கேட்கவில்லை. (மனித உரிமை வரைபடம் போடுகிறவர்கள் நாங்கள்.)

படத்தைக் குழுவில் காட்டியபோது கார்த்திகாதான் முதலில் புருவத்தைச் சுருக்கினாள்.

“ஏன் மேடம், இது கலர் போட்டோவா இருக்கே? அந்தக் காலத்துல ஏது கலர்?”

“காலம் நிறம் பார்ப்பதில்லை கார்த்திகா,” என்றேன்.

அவள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்தாள். பழையதாகத் தெரியட்டும் என்று.

சேவியர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “தோழர், முப்பது வயசுல இறந்தாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இந்தம்மாவுக்கு அறுபது இருக்கும்போல.”

“துயரம் முகத்தை மூப்பாக்கும் சார்.”

“முப்பது வருசமா?”

“வறுமையும் சேர்ந்தால்?”

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆதாரம் கேட்கிற மனிதரைக்கூட என்னால் வாயடைக்க வைக்க முடிந்தது என்று அன்று இரவு எனக்கு நிம்மதியான தூக்கம். இப்போது நினைத்தால் அந்தத் தூக்கத்தை எழுப்பி நாலு அறை விட வேண்டும்போல் இருக்கிறது.

புள்ளி வைப்பது மட்டும் எனக்குப் போதவில்லை. நடக்க வேண்டும் என்றேன். காத்தாயி போன பாதையில், முனையிலிருந்து ஆறு வரை, எல்லோரும் மெதுவாக, மௌனமாக. வெள்ளை உடுத்தி. முன்னால் படம். செல்லாயி அம்மாள் மண்ணச்சநல்லூரிலிருந்து காலையில் பஸ் ஏறி வந்து, முடிவில் இரண்டு வார்த்தை பேசுவார். முருகேசன் காலை டிரிப்பை முடித்துவிட்டு நேராக ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்துகொள்வார். நான் ஒரே ஒரு விதி போட்டேன்: “எது நடந்தாலும் மௌனத்தைக் கலைக்கக் கூடாது. எது நடந்தாலும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், துவைக்கத் துவைக்க வெளுத்த சேலையில் நான் முன்னால் நின்றேன். கையில் சட்டம் போட்ட படம். படத்துக்குச் சாமந்தி மாலை. பின்னால் சேவியர் சார், கார்த்திகா, கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு வக்கீல்கள், என்னுடைய கவிதைத் தொகுப்பை வாங்கிய ஒரே மனிதர். செல்லாயி அம்மாளின் பஸ் வரவில்லை. காத்திருக்கலாம் என்றார் சேவியர் சார். வெயில் ஏறினால் ஒளி கெட்டுவிடும் என்றேன் நான்.

நடக்க ஆரம்பித்தோம்.

முதலில் இறங்கியது மருந்துக்கடையின் ஷட்டர். பாதி வரை. பிறகு பாத்திரக்கடை. பிறகு செல்போன் ரீசார்ஜ் கடை. தெருவில் சாவு போகும்போது கடைக்காரர்கள் அப்படித்தான் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் என் மூளையில் அன்று வேறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு தெருவின் மனசாட்சி தன் கண்ணிமையைத் தாழ்த்துகிறது என்று நினைத்தேன். பைக்கில் வந்தவர் இறங்கி நின்றார். டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். ஒரு பெண் படத்தைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, “ஆயாம்மா!” என்று கதறினாள். வரலாறே கதறுகிறது என்று எனக்கும் கண் கலங்கியது. யார் அந்த ஆயாம்மா என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். மௌனத்தில் இருந்தேனே!

நாங்கள் கிளம்பிய முனையில் ஒரு ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை. அதன் முதலாளி செந்தில், தொப்பையும் தங்கச் சங்கிலியுமாக எங்கள் பின்னாலேயே ஓடிவந்து படத்தின் முன்னால் கைகூப்பி விசும்பினார். “எனக்கு மட்டும் ரெண்டு முட்டை வெப்பாங்க சார்,” என்று சேவியர் சாரின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மருந்துக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். “எனக்கும்தான்.”

சேவியர் சார் தன் குடையின் முனையால் என் முதுகில் குத்தினார். மறுபடி குத்தினார். அது உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டு நான் நடந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் பஸ் வந்து நின்றது. வயர் கூடையோடு ஒரு அம்மாள் இறங்கினார். ஊர்வலத்தைப் பார்த்ததும், மரியாதை தெரிந்தவர்கள் செய்கிறபடி செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கி, கூடையைக் கீழே வைத்துக் கும்பிட்டு நின்றார். பக்கத்தில் பூ விற்கிற பெண்ணிடம், “யாரு தாயி?” என்று கேட்டிருக்கிறார். பூக்காரி அவரைப் பார்த்தாள். என் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். கையிலிருந்த பூப்பந்து உருண்டு சாக்கடைக்குப் போனது.

நானும் பார்த்தேன். படத்தில் இருந்த முகம் படத்துக்கு வெளியே வெயிலில் நின்று, என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

நியாயமாக நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. எது நடந்தாலும் மௌனத்தைக் கலைக்கக் கூடாது என்று விதி போட்டவள் நானாயிற்றே! அவரைத் தாண்டி, கழுத்தைத் திருப்பாமல், வேர்த்து வழிந்துகொண்டு நடந்தேன். பின்னால் வெறுங்காலின் சத்தம் வேகமாக வந்தது.

“ஏம்மா! ஏய், வெள்ளச்சீல! அது நான்தானே?”

ஊர்வலம் நின்றது.

“இறக்கு, பாக்கணும்,” என்றார். படத்தை வாங்கிக் கைநீட்டிப் பிடித்துப் பார்த்தார். “நான்தான். கலரை என்ன பண்ணுனீங்க?”

கார்த்திகா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

“அம்மா… நீங்க… காத்தாயி அம்மா…”

“காத்தாயி எங்காத்தா. நான் செல்லாயி. எங்காத்தாவுக்கு ஏது போட்டோ? சோத்துக்கே வழியில்ல, போட்டோவா புடிச்சாங்க?”

“மாலை போட்டிருந்துச்சே அம்மா…”

“அது நான் ரிட்டயர் ஆனப்ப ஸ்கூல்ல போட்ட மாலை. போட்டோவும் அவங்க குடுத்ததுதான். செவுத்துல இருக்கறது ஒத்த ஆணி. மாலைய எங்க மாட்டறது, உன் கழுத்துலயா?”

செல்லாயி அம்மாள் அந்தத் தெருப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாக இருந்தவர். அந்தத் தெருக் கடைக்காரர்களில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலனிக்காரி சமைத்ததைத் தொடக் கூடாது என்று வீடுகளில் டப்பாவில் சோறு கட்டி அனுப்பினார்களாம். சாம்பார் வாசனை வகுப்புக்குள் வந்ததும் பிள்ளைகள் டப்பாவை மூடிவிட்டு வரிசையில் வந்து நின்றார்களாம். அந்தக் கதைக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் எனக்கு நேரம் இல்லையே, வரி வந்துகொண்டிருந்ததே!

அழுத கண்ணோடு செந்தில், “ஆயாம்மா, உசுரோடவா இருக்கீங்க?” என்றார்.

“ஏன், உனக்கு என்ன கஷ்டம்? யாருக்குடா ரெண்டு முட்டை வெச்சேன்?”

“எனக்குத்தான் ஆயாம்மா…”

“ஆளுக்கு ஒண்ணு! எந்தப் பயலுக்கும் ரெண்டு வெக்கல. ஆபீசர் காதுல உழுந்தா என்ன ஆவும்? செத்தவளாச்சேன்னு ஆளாளுக்கு முட்டை சேத்துக்குவீங்களா?”

தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் செய்தி எங்களைவிட வேகமாக நடந்திருந்தது. காலனி வாசலில் ஐஸ் பெட்டி வண்டி வந்து நின்றது. செந்தில் கடையின் உள்ளே மெஷினிலிருந்து ‘கண்ணீர் அஞ்சலி’ பாதி வெளியே வந்திருந்தது. மண்ணச்சநல்லூரிலிருந்து, அரிசி மூட்டை ஏற்றுகிற லோடு வண்டியில் சொந்தக்காரர்கள் ஏறிவிட்டார்கள் என்று போன் வந்தது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு அம்மாளின் தம்பி மகன் கிளம்பிவிட்டாராம்.

பிறகு முருகேசன் வந்தார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது யாரோ போன் செய்திருக்கிறார்கள். இன்னொரு டிரைவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். வண்டி நிற்பதற்குள் குதித்தார். காக்கிச் சட்டையின் பொத்தான்கள் திறந்து கிடந்தன. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் அம்மாவைப் பார்த்தார். நின்று, பேசிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்ததை நான் இதுவரை எந்தக் கவிதையிலும் எழுதத் துணிந்ததில்லை. அப்படியே மடங்கி, அம்மாவின் புழுதிப் பாதங்களில் நெற்றியை வைத்துக்கொண்டு, பெரிய ஆள், சத்தம் போட்டு அழுதார்.

“ஏந்திரிடா. ஏந்திரி. இருக்கேன்ல?” என்று அம்மாள் அவர் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். முதலில் பலமாக. பிறகு மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த வெள்ளைச் சேலைக்குள் காணாமல் போய்விடலாம்போல் இருந்தது.

முருகேசன் எழுந்து என்னைப் பார்த்தார். “பாட்டிக்குப் போட்டோவே இல்லன்னு டீ போடும்போதே சொன்னேனே மேடம். எங்கம்மா படத்த யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“தப்புதாங்க,” என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. எனக்கு! வார்த்தை வரவில்லை!

“வேணாங்க. ஒண்ணும் வேணாம். எங்க பாட்டி பேரையும் உங்க மேப்புல இருந்து எடுத்துருங்க. நாங்க பாட்டுக்கு இருந்துக்கறோம்.”

சேவியர் சார் தலையை ஆட்டினார். கார்த்திகா செல்போனை எடுத்தாள். அவள் விரல் அந்தச் சிவப்புப் புள்ளியின் மேல் நின்றது. ஒரு தடவை தொட்டால் காத்தாயி போய்விடுவாள். அவளுடைய மகள் ஆயுள் முழுக்கக் கேட்ட ஒரே ஒரு விஷயம், என்னால், அவள் கண் முன்னால், அவள் போட்டோவாலேயே போகப் போகிறது.

செல்லாயி அம்மாள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்த வழியை.

“ஏம்மா,” என்றார் என்னிடம். “எல்லாக் கடையும் இறக்கினாங்களா?”

“ஆமாம்மா.”

“பாத்திரக்கடை?”

“அதுவும்.”

“அந்த மூலைக்கடை?”

செந்தில் தானாகவே, “இறக்கினேன் ஆயாம்மா,” என்றார்.

அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். “எங்காத்தாவுக்கு ஒரு கடைகூட இறக்கல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பாடை போச்சு, யாவாரம் நடந்துச்சு. ஒருத்தன் வெல்லம் நிறுத்துக்கிட்டு இருந்தான். எனக்குப் பசி. ஆத்தா செத்துக் கெடக்கா, எனக்கு வெல்லத்து மேல கண்ணு. அதை யார்கிட்டயும் சொன்னதில்ல.”

முருகேசன் கண்ணைத் துடைத்தார். “அம்மா, வா, வீட்டுக்குப் போவோம்.”

“இருடா. எனக்கு இறக்கினத எங்காத்தாவுக்கு வெச்சுக்கலாம். நடங்க.”

“அம்மா!”

“நான் செத்தா இதே தெருவுல மறுபடி இறக்குவானுங்க, அது வேற கணக்கு. இன்னிக்கு ஆத்தாவுக்கு. நடங்கன்னு சொல்றேன்ல?”

அதற்குள் அம்மாள் உயிரோடிருக்கிறார் என்று தெரிந்து, கடைகளில் ஷட்டர்கள் மேலே ஏறத் தொடங்கியிருந்தன. செந்திலும் தன் ஷட்டரை மேலே தள்ளிவிட்டு வந்தார்.

“டேய், இறக்குடா. இன்னும் போவல.”

தொப்பையும் சங்கிலியுமாக அவர் ஓடிப்போய் இறக்கினார். பின்னாலேயே தெரு நெடுக, சடசடவென்று, ஒவ்வொன்றாக.

அம்மாள் முனைக்குத் திரும்பி நடந்து, மூலைக்கடை முன்னால் நின்றார். அங்கேதான் பாடை இறக்கிவைக்கப்பட்டிருந்தது. “எங்காத்தா பேரு தெரியுமாடா உனக்கு?”

“தெரியாது ஆயாம்மா.”

“காத்தாயி.”

“காத்தாயி,” என்றார் செந்தில்.

“சோறு திங்கறப்ப எப்படிக் கத்துவ? சத்தமா.”

“காத்தாயி!”

மருந்துக்கடைக்காரர் சொன்னார். பூக்காரி சொன்னாள். கல்லூரிப் பிள்ளைகள் சொன்னார்கள். சேவியர் சாரின் குரல் உடைந்து, பழைய கோஷக் குரலாக எழுந்தது. என் விதி சுக்கு நூறாகி அந்தத் தெருவில் கிடந்தது. அதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைத்திருக்காது. செந்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருடைய தாத்தா அன்று எந்தப் பக்கம் நின்றார் என்று அம்மாளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. அன்று நான் கேட்காமல் விட்டதில் சரியானது அது ஒன்றுதான்.

“போதும். ரொம்ப நேரம் இறக்கி வெக்காதீங்க, யாவாரம் கெட்ரும்,” என்றார் அம்மாள்.

ஆற்றங்கரைக்கு அவர்தான் முன்னால் நடந்தார். நான் படத்தை நெஞ்சோடு சேர்த்து, முகம் உள்பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு கடைசியில் வந்தேன். வழியில் லோடு வண்டி எதிர்ப்பட்டது. ஒப்பாரியோடு இறங்கிய பெண்கள், பாதியில் சுருதி மாறி, அம்மாளைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள், பிறகு நிஜமாகவே அழுதார்கள், பிறகு கூடவே நடந்தார்கள். கொண்டுவந்த மாலைகள் வீணாகவில்லை. காவிரியில் தண்ணீர் ஓரமாக, மணலுக்குத் தொந்தரவு தராமல் போய்க்கொண்டிருந்தது. கிழக்கே வெகு தூரத்தில் ஸ்ரீரங்கத்துக் கோபுரம், சாம்பலில் வரைந்த கோடுபோல. சாமந்தியும் ரோஜாவும் காத்தாயிக்காக நீரில் இறங்கின. இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். “அதான் எல்லாரும் சொல்லிட்டீங்களே,” என்று அம்மாள் கோடிச் சேலையைப் பிரித்துப் பார்த்தார். “நல்ல கலரா எடுத்திருக்கான். நான் போனப்புறம் கட்டினா எனக்கு எப்படித் தெரியும்?” அந்தப் பொங்கலுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டார்.

புள்ளி அழியவில்லை. ஆனால் படம் என்ன செய்வது என்று கேட்டபோது, அம்மாளே தீர்ப்புச் சொன்னார். “ஆத்தா இருந்திருந்தா என்னாட்டம்தான் இருந்திருக்கும். அதையே போடு. கலர்ல போடு.”

சேவியர் சார் சும்மா விடுவாரா? கீழே விளக்கம் வேண்டும் என்றார். அவரே எழுதினார்: ‘காத்தாயிக்குப் புகைப்படம் இல்லை. படத்தில் இருப்பவர் அவர் மகள் செல்லாயி.’ முருகேசன் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அது இல்லாவிட்டால் துக்கம் கேட்டு வருகிற போன்களுக்கு அவரால் பதில் சொல்ல முடியாதாம். ஆகவே திருச்சியின் உரிமை வரலாற்றில், அடியும் தடையும் சாவுமாக நிறைந்த அத்தனை பக்கங்களுக்கு நடுவில், ஒரே ஒரு பக்கம் மட்டும் இப்படி முடிகிறது: ‘நலமாக இருக்கிறார்.’

எங்கள் வீட்டில் அது ஓயவில்லை. அப்பா எங்கே என்று மகளைக் கேட்டால், “நலமாக இருக்கிறார்” என்கிறாள். குழம்பு எப்படி என்றால், அதுவும் நலமாக இருக்கிறது. நான் வெள்ளைச் சேலையை எடுத்தாலே என் கணவர் பேப்பருக்கு மேலாகப் பார்த்து, “யாருக்கு? நேர்ல போய்ப் பாத்துட்டியா?” என்று கேட்கிறார். என் சொந்தக்காரர்கள் யாருடைய சாவுச் செய்தியையும் என் வாயால் சொன்னால் நம்புவதில்லை.

செல்லாயி அம்மாள் ஒவ்வொரு அமாவாசைக்கும் காலையில் போன் செய்வார். ஆத்தாவுக்குப் படைத்துவிட்டு அடுத்த வேலை அதுதான். “அந்தக் கடைசி வரி இன்னும் சரியாத்தான் இருக்கு. மாத்திராத,” என்பார். வைத்துவிடுவார்.

போன அமாவாசைக்குப் போன் வரவில்லை. மத்தியானம் ஆகியும் வரவில்லை. நான் அலுவலகத்தில் எதிரில் நின்ற ஆளிடம் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. மேப்பைத் திறந்து அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைத் திருத்த வேண்டிய கை என்னுடையதாக இருக்கும் என்பது அன்றுதான் உறைத்தது. முருகேசனுக்குப் போன் செய்யவும் பயம். இந்த விஷயத்தில் நான் முதலில் போய் விசாரிக்கிற தகுதியை எப்போதோ இழந்தவள். வீட்டுக்கு வந்து அடுக்களையில் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

“சார்ஜ் இல்ல கண்ணு, கரண்டு வேற இல்ல,” என்றார் அம்மாள். “அதுக்குள்ள அழுதிட்டியா?”

“இல்லம்மா,” என்றேன்.

அடுத்த அறையிலிருந்து என் மகள் போனுக்குக் கேட்கும்படி கத்தினாள்: “பொய்!”